முனி ஏற்காத சேவல்

1

இந்தக் கதை ஒரு சேவல் இறகில் தொடங்கியது என்று தவராசா எனக்குச் சொன்னான். அவன் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. மீதியை எழுதுகிறேன்.

இரணைமடுக் காட்டோரம் ஒரு சேவல் கூவி… (வேண்டாம். எல்லாக் கதையிலும் கூவுகிறது.)

2

மறுபடி. இரண்டாயிரமாம் ஆண்டு, இலங்கையில் போர்க்காலம். மலையகத்திலிருந்து வந்து இரணைமடுவில் குடியேறியவள் சுப்பம்மா. இராணுவத்தின் கையிலிருந்த வவுனியாவுக்குப் போன அவள் மகன் அஜந்தன் திரும்பவில்லை. அவன் வரவேண்டுமென்று முனியாண்டிக்குச் சேவல் அறுத்தாள். நேர்த்திச் சேவல் வீட்டுக் கோழியாக இருக்கவேண்டும். காட்டுக்கோழி ஏற்கெனவே முனியின் உடைமை. அவருடையதை அவருக்கே கொடுப்பது ஏமாற்று.

மகன் வரவில்லை. பக்கத்து வளவுப் பரமேஸ்வரன் மெல்லக் கொளுத்திப் போட்டார்.

"அந்தச் சேவலின்ர வால் நீலமா மினுங்கினதைப் பாத்தனீங்களே அக்கா? உங்கட பேடு காட்டுச் சேவலோட திரிஞ்சது."

அன்றிலிருந்து சுப்பம்மா தன் கோழிகளையே சந்தேகத்தோடு பார்த்தாள்.

(பரமேஸ்வரன் மேல் எனக்கும் சந்தேகம்தான். கதைக்கு ரொம்ப வசதியாக வந்து நிற்கிறார்.)

3

தவராசா விலங்கியல் படித்தவன். கலப்புப் பறவைகளை ஆராய்பவன். சண்டை ஓய்ந்திருந்த நாளில் வந்து, ஊரெல்லாம் கோழி இறகு சேர்த்தான்.

"இறக வச்சு என்ன தம்பி செய்வீங்க? சூனியமா?"

"இல்லையம்மா. அதின்ர தாய் தகப்பன் ஆரெண்டு பாக்கலாம்."

அறுத்த சேவலின் வாலிறகைக் கூரையில் செருகி வைத்திருந்த சுப்பம்மா, அதை உடனே உருவிக் கொடுத்தாள். சேவல் கலப்பு என்று வந்தால், வேறு சேவல் அறுக்கலாம். மகன் வருவான். (இந்த வரிகளை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கதையே இதுதான்.)

4

கலப்புப் பறவை இயற்கையின் தவறு, அதன் வம்சம் அதோடு சரி என்றது தவராசா படித்த பழைய புத்தகம். மரபணு வேறு கதை சொன்னது. வெளிநாட்டு ஆய்வுகூடத்து முடிவு கிடைத்ததும் சந்தோசமாக ஓடினான்.

"உங்கட சேவல் மற்றதுகளைப் போலத்தான் அம்மா. ஊரில நான் பாத்த எல்லாக் கோழியிலயும் கொஞ்சம் காடு கலந்திருக்கு, எத்தினையோ தலைமுறையா. முனிக்குக் குடுத்த சேவலெல்லாம் அப்பிடித்தான் இருந்திருக்கும். உங்கடையில பிழையில்லை."

5

முடிவு ஒன்று: சுப்பம்மா நிம்மதியாக அழுகிறாள். தவராசாவுக்கு இது பிடித்திருக்கிறது. ஆகவே நான் நம்பவில்லை.

முடிவு இரண்டு: அஜந்தன் படலையைத் திறந்து… (எழுதக் கை வரவில்லை.)

தவராசா தயங்கித் தயங்கிச் சொன்னது இது. அவள் கேட்டாளாம்:

"சேவல்ல குத்தமில்லன்னா, எம்புள்ள ஏன் தம்பி வரல?"

அவன் சைக்கிளை எடுத்தான். அவள் வாசலிலேயே நிற்கிறாள். நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். ஆனால் கோழியைப் பற்றிச் சொல்லாதீர்கள்.