வாசலைப் பார்த்த ஷூ

ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிற பெயிண்டருக்குத் தன் வீட்டில் ஒரே ஒரு வேலைதான் உருப்படியாக வரும். மனைவியின் வெள்ளை ஷூவைக் கழுவுவது. அவள் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையானால் கயிற்றை உருவி, சமையல் சோடாவோடு பற்பசையைக் குழைத்து, பழைய பல் பிரஷால் தேய்ப்பார். ஈரத்தோடு டிஷ்யூ காகிதம் சுற்றி நிழலில் வைப்பார். காயக் காயப் பழுப்பெல்லாம் காகிதத்துக்கு ஏறிவிடும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகிவிடும் என்பது சொந்த அனுபவம். மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை ஒருமுறை பூசிப் பார்த்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் சொந்த அனுபவம்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அவர் காகிதத்தைப் பிரித்து, கயிறு கோத்து, ஷூவை வாசலைப் பார்த்து வைக்கும்வரை வெறுங்காலோடு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். குதிகாலை ஊன்றி நடக்கிற நடை. போட்டுக்கொண்டு படியிறங்கும்போது இடது ஷூ மட்டும் கீச்சிடும். அழுக்கு ஷூவோடு அவள் ஒருநாளும் வார்டுக்குப் போனதில்லை.

காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் போட்ட ஷூ, நுனியில் டிஞ்சர் கறையோடு அப்படியே கிடந்தது. திங்கட்கிழமைகளில் அந்த நடை மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சத்தம் முதலில் மகள் காதில்தான் விழுந்தது. பிறகு கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, காலங்காலையில் யார் இப்படித் தொம்தொம்மென்று நடப்பது, கொஞ்சம் மெத்தென்று நடக்கக் கூடாதா என்று பவ்யமாகக் கேட்டார். நான்தான் என்று பெயிண்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பெண் பாதியாக இளைத்துப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுக்காகத்தான் அம்மா நடந்துக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அதைத் தொடாமல் இருந்தார். பாவி மனுஷன், செத்தவளைக்கூடக் காக்க வைத்திருந்தார்.

"கழுவிக் கொடுத்தா போயிடுவாம்மா," என்றார்.

"அவங்களுக்குக் கால் வலிக்காதாப்பா?"

அவர் சோடாவைக் குழைத்தார். டிஞ்சர் கறையைத் தேய்க்கும்போது மட்டும் கை ஓடவில்லை, வாய்விட்டு அழுதார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை காகிதம் பழுப்பேறியிருந்தது, ஷூ பளிச்சென்றிருந்தது. கயிறு கோத்து வாசலைப் பார்த்து வைத்தார். கூடத்தில் நடை நின்றது. ஷூ வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் வாசலைத் தாண்டிப் படியிறங்கியது. நிம்மதியாகப் போ என்று சொல்ல ராத்திரியெல்லாம் மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தார். வாய் பழக்கத்தை விடவில்லை.

"பாத்து, சீக்கிரம் வந்துடு," என்றார்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? டியூட்டி முடிகிற நேரத்துக்குக் கீச்சுச் சத்தம் படியேறி வந்தது. அசையாமல் கிடந்த ஷூவின் அடியில் தெருமண் ஒட்டியிருந்தது, நுனியில் புதுக் கறை. உள்ளே குதிகால்கள் களைத்துப் போய் மெதுவாக நடந்தன. செத்தும் அவளுக்கு ஓய்வில்லையா என்று மகள் அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வந்துவிட்டாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது, அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

வாரம் முழுக்க அந்தக் களைத்த நடை வீட்டுக்குள் கேட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி கழுவினார். இந்தமுறை நீங்கள் வாயையே திறக்கக் கூடாது, நானே சொல்லி அனுப்புகிறேன் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். போய் ஓய்வெடு என்று சொன்னால் போதும், அவ்வளவுதானே என்றாள்.

திங்கட்கிழமை காலை அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். மகள் வாசலில் நின்றாள். கீச்சுச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்றது. சொல்வதைக் கேட்கக் காத்திருப்பதுபோல் நின்றது.

மகள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துடும்மா," என்றாள்.