ஃபினாயில் படாத டிரம்

என் வீட்டுக்காரர் சுயம்புவுக்கு உலகத்தில் எந்தத் தொல்லைக்கும் ஒரே மருந்துதான், ஃபினாயில். தாராவியில் எங்கள் அறைக்குக் கீழேயே கலக்கி, கேனில் அடைத்து விற்கிறார். ‘ஒரு கிருமியையும் விடாது’ என்று கேனில் அச்சடித்திருப்பார்.

மொட்டைமாடியில் டிரம்களில் கத்திரிக்காய் போட்டிருக்கிறேன். கையை நீட்டி நிற்க இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் இடம் அதுதான். உரத்துக்காக மீன் குடலை மண்ணில் புதைத்தேன், நாறியது. எங்கள் சால், அதாவது இந்த வரிசை அறைக் குடியிருப்பின் கமிட்டி செயலாளர் ஜெயினுலாப்தீன் பாய் வந்துவிட்டார்.

“கணபதி பண்டிகைக்குள்ள நாத்தம் போகணும், ஆறுமுகத்தாயக்கா. இல்லன்னா டிரம்மெல்லாம் எறக்கிருவோம்.”

எனக்குத் தூக்கம் போனது. என்னவரோ கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, டிரம் டிரம்மாக ஊற்றினார். மூலையில் இருந்த கடைசி டிரம்முக்கு வருவதற்குள் கேன் காலி.

கொஞ்ச நாளில் ஃபினாயில் வாசம் அடங்கியது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு நெடி, கண்ணெல்லாம் எரிந்தது. செடிகள் மஞ்சளடித்து நின்றன. ஆனால் அந்த மூலை டிரம்மில் இலை கரும்பச்சை, மண்ணில் மழை வாசம். அதே மீன், அதே மண், அதே விதை! கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் தாங்கவில்லை. எதிர் அறை நூர் நிஷாவை இழுத்துக்கொண்டு போனேன். அவள் செம்பூரில் சயின்ஸ் டீச்சர்.

“மீன அழுக வைக்கிறது ஒரு கிருமிக் கூட்டம், யக்கா. அதுல கெளம்புற அமோனியாதான் இந்த நெடி. அத நைட்ரேட் உப்பா மாத்துறது இன்னொரு கூட்டம். வேரு பெரும்பாலும் அந்த உப்பத்தான் உறிஞ்சும். ஆனா அந்த ரெண்டாங் கூட்டம் ரொம்ப நோஞ்சான், மருந்து பட்டா மொதல்ல அதுதான் சாவும்.”

“அப்ப நாத்தத்தத் தின்னுட்டிருந்தத இவுக கொன்னுட்டாகளா?”

“ஆமா.”

டிரம்களில் தண்ணீர் விட்டு விட்டு மருந்தைக் கழுவினேன். பிறகு மூலை டிரம் மண்ணை அள்ளி ஒவ்வொன்றிலும் கலந்தேன். மண்ணை முகர்ந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனது. நெடி மெல்லத்தான் குறைந்தது.

கணபதிக்கு முந்தின நாள் பாய் ஏறி வந்தார். பின்னாலேயே என்னவர், பயத்தில் கையில் ஒரு கேனோடு. பாய் ஒவ்வொரு டிரம்மாகக் குனிந்து முகர்ந்தார்.

“நாத்தமே இல்லியே! என்ன மருந்து போட்டீங்க, சுயம்பண்ணே?”

வாய் நிறைய வியாபாரம் பேசுகிற மனுஷன் என்னைப் பார்த்தார். கேனை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கிருமி, பாய்” என்றார். “கிருமியப் போட்டோம்.”