பதினான்கு இலக்கம்

சப்ரீனா ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்தாள். பிரான்சுக்கு அனுப்பும் சரக்கு என்றால், வாங்குகிற கடையின் பதிவு எண் சரிதானா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. காரைக்காலில் பள்ளிக்கூடத்திலேயே பிரெஞ்சு படித்தவள் என்பதால் அந்த வேலை அவளிடம் வந்தது.

பதினான்கு இலக்கம். முதல் ஒன்பது கம்பெனிக்கு, மீதி ஐந்து அது இருக்கிற இடத்துக்கு. வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரண்டால் பெருக்கி, இலக்கங்களை எல்லாம் கூட்டினால் பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள். வகுபட்டாலும் எண் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் அர்த்தம். கடை நடக்கிறதா என்று தெரிய பிரெஞ்சு அரசாங்கத்தின் பதிவேட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லா எண்களையும் ஒரு தடவை பதிவேட்டில் பார்த்துவிடுவாள். கடைசியில், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஓர் எண்ணையும் அடிப்பாள். அது அவள் தம்பி யஹ்யாவின் கடை. பாரிஸ் பக்கத்தில் ஒரு மளிகைக்கடை, அவன் பேரிலேயே பதிந்தது.

கடை திறந்த அன்று பதிவு ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "லாத்தா, நம்பர் சரியான்னு நீயே பாத்துச் சொல்லு." அவள் காகிதத்திலேயே கூட்டிப் பார்த்து, சரி என்று எழுதினாள்.

இரண்டு மாதத்தில் அத்தா மௌத்தானார். பெற்ற தகப்பனின் அடக்கத்துக்கு யஹ்யா வரவில்லை. அவனுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அது சப்ரீனாவுக்குத் தெரியும். தெரிந்தும் போனில், "உனக்குக் கடைதான் பெருசு. இனிமே எங்களுக்கு நீ இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிறகு அவனும் விட்டுவிட்டான். யார் முதலில் பேசுவது என்பதிலேயே நான்கு வருஷம் போயிற்று. ஆனால் மாதா மாதம் அந்த எண்ணை அடித்து, கடை நடக்கிறது என்று வந்தால், ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வாள்.

இந்த மார்ச் மாதம் 'மூடப்பட்டது' என்று வந்தது. கீழே ஒரு தேதி, ஏழு வாரத்துக்கு முந்தியது; போன மாதம் பார்த்தபோது அது இன்னும் பதிவேட்டில் ஏறியிருக்கவில்லை. காரணம் இல்லை.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். அதே பதில். அவனுடைய பழைய நம்பர் அணைந்து கிடந்தது. அதே கட்டடத்து முகவரியில் வேறு என்ன கடை பதிவாகியிருக்கிறது என்று தேடினாள். ஒரு முடிதிருத்தும் கடை, ஜலஜா என்று ஒரு தமிழ்ப் பெண் பேரில். இணையத்தில் அந்தக் கடையின் போன் நம்பர் கிடைத்தது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள்.

"யஹ்யா கடைக்குப் பக்கத்துக் கடைங்களா?"

"ஓம். நீங்கள் அவருக்கு என்ன முறை?" யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அக்கா."

அந்தப் பெண் கத்தரியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அவர் தவறிட்டார் அக்கா. ஜனவரியில. நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது. போன் பூட்டிக் கிடந்தது, உங்கட நம்பர் ஒருத்தரிட்டயும் இல்லை. பள்ளிவாசல் ஆக்கள்தான் அடக்கம் செய்தவை."

சப்ரீனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பள்ளிவாசல்காரர் ஒருவரின் நம்பரை வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாளா என்பது பிறகு நினைவில்லை.

கணவன் நிஜாம் வந்து அஜ்மானில் இருக்கிற வீட்டுக்குக் கூட்டிப்போனான். அம்மா அஸ்மத் பீவி அவர்களோடுதான் இருந்தாள். அத்தா போனதிலிருந்து அவள் மகன் பேரை வாயில் எடுத்ததில்லை. நிஜாம்தான் சொன்னான். அம்மா அழவில்லை. "நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அந்தப் பள்ளிவாசல்காரரோடு அம்மாவே பேசினாள். நல்லவேளை, அவர் நாகூர்க்காரர். யார் குளிப்பாட்டினார்கள், எத்தனை பேர் தொழ வந்தார்கள், மண் ஈரமாக இருந்ததா, ஒவ்வொன்றாகக் கேட்டாள். முப்பது பேர் வந்தார்களாம். மழை பெய்துகொண்டிருந்ததாம்.

போனை வைத்துவிட்டுச் சப்ரீனாவைப் பார்த்தாள்.

"நான்தாம்மா அவன அறுத்து விட்டேன்," என்றாள் சப்ரீனா.

"அவன் மூணு தடவ கூப்பிட்டப்போ நானும் பக்கத்துலதானே இருந்தேன். எடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லலியே."

அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள். சப்ரீனா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லி முடித்தும் இரண்டு பேரும் எழவில்லை.