போன் வர்ற வரைக்கும் தண்ணி வேணாம்

...இல்ல, இப்ப எழுந்துக்கக் கூடாது, எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வரும், அப்படியே செவுத்துல சாஞ்சிக்கோ தாட்சாயணி, வந்துடும், வெள்ளிக்கிழமைன்னா குவைத்துல லீவாச்சே, உமாபதி மாமா கூப்புடாம இருக்குமா... புத்தூரு பஜாரு, நாகபூஷணத்தோட எஸ்டிடி பூத்து, வாசல்ல ஒரு ஸ்டூலு, அதுல எட்டு மாச வயித்த ரெண்டு கையாலயும் தாங்கிக்கினு குந்திக்கினு, அவ தனக்குத்தானே இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தா. நாக்கு அப்படியே மேல போயி ஒட்டிக்கிச்சி. காலைலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல. ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா என்னா திட்டு திட்டுச்சி, பிபி ரொம்ப லோவா கீதும்மா, ஒடம்புல தண்ணியே இல்ல, மோருல உப்பு போட்டுக் குடி, நீள்ளு தாகம்மா, தண்ணி குடின்னு தெலுங்குலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி... மத்த நாளெல்லாம் சொம்பு சொம்பா குடிக்கிறாளே, வெள்ளிக்கிழமை எப்படிக் குடிப்பா? குடிச்சா ஒண்ணுக்கு வரும், பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்கு ஓடணும், போன மாசம் அப்படி ஓடிட்டு வர்றதுக்குள்ளதான போன் வந்து கட்டாயிப் போச்சி, உங்க ஊட்டுக்காரரு ஹலோ ஹலோன்னு கத்தினாரும்மான்னு நாகபூஷணம் சொல்ல, அந்த வாரம் பூரா இவ காதுல அந்த ஹலோதான், காதால கேக்காத ஹலோ.

இன்னிக்கு உடக்கூடாது. நாளைக்கு அரபிக்காரன்கிட்ட இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போடணுமாம். போடாத மாமா, வந்துடு, எனுக்கு பயமா கீதுன்னு சொல்லிடணும், ரெண்டு வாட்டி மயக்கம் போட்டு வுழுந்ததையும் சொல்லிடணும்... சொல்லாதடி, அவன் அங்க சோறு துன்ன மாட்டான்னு அத்த செல்லியம்மா கையப் புடிச்சிக்கினு அழுவுது. அதுவும் பெத்தவதான. ஆனா நானு? கரும்புக் கொல்லைல கூலி போதும்னு இருந்த ஆளத்தான, ஊர்ல பாதிப் பேரு பிளேன் ஏறினதப் பாத்துட்டு நீயும் போ போன்னு நான்தான... சரி உடு. ஆமா, உள்ள கீறது ஏன் சும்மா கீது? காலைல ஒண்ணு உதைச்சிதே... இல்ல, அது நேத்து சாயங்காலம். நேத்தா? கண்ணு, தூங்கறியா? அம்மா மேல கோவமா? உனுக்கும் தொண்ட காயுதா? அய்யோ, நான் குடிக்கலன்னா உனுக்கு எங்கேர்ந்துடா வரும்... போனாவது மண்ணாவது, எதிர்க்கடைல ஒரு சோடா வாங்கிக் குடிச்சிடலாம்னு செவுத்தப் புடிச்சி எழுந்தா பாரு, அப்ப அடிச்சிது மணி.

"தாச்சு! கையெழுத்து போட்டுட்டேன் புள்ள!" கொரல்ல அவ்ளோ சந்தோசம். அந்த அரபிக்காரன் வெளியூருக்குப் போறானாம், நேத்தே போடச் சொல்லிட்டானாம். ரெண்டு வருசத்துல குட்டிக்கு மொட்ட அடிக்க வந்துடுவேன், நம்ம குட்டி அப்ப நடக்கும், தூக்கவே வேணாம், திருப்பதி மலைய அதுவே ஏறும் பாருன்னு மாமா பாட்டுக்குப் பேசிக்கினே போவுது. மாமா நீ வந்துடு, மாமா நீ வந்துடு, உள்ளுக்குள்ள இது ஓட, போன் ஒயர வெரல்ல சுத்திக்கினே சரி மாமான்னா. நல்லா துன்றியா புள்ள? துன்றேன், நீ? எனுக்கு இன்னா மே, ஏசி ரூமு, தெனம் கறி, ராஜா மாதிரி கீறேன். குட்டி உதைக்குதா? உதைக்குது மாமா, உன்ன மாதிரியே, ஒரு நிமிசம் சும்மா கெடக்கல. மாமா சிரிச்சிது. இவளும் சிரிச்சா.

ரிசீவர வெச்சது ஞாபகம் கீது. அப்புறம் நாகபூஷணம் அய்யோ தல்லி, அய்யோ அம்மான்னு ஓடி வந்து தாங்கினது, யாரோ வாயில சோடா ஊத்தினது, ஆட்டோ... ஆஸ்பத்திரிக்கா போறோம்? கை வயித்து மேலயே கீது. அசைஞ்சிதே, இப்ப என்னமோ அசைஞ்சிதே... புள்ளையா, ரோட்டுப் பள்ளமா? இன்னொரு வாட்டி அசைடா கண்ணு... உதைக்குதுன்னு எவ்ளோ லேசா சொல்லிட்டேன். கொரலு கூட நடுங்கல. கூடவே சிரிப்பு வேற. அப்போ அங்கேர்ந்து ஏசி ரூமுன்னு சொல்லிச்சே மாமா, ராஜா மாதிரின்னு சிரிச்சிதே... அந்தக் கொரலும்தான நடுங்கல...