ஃபேன் வீடியோவ தொறக்கறதுக்கு முன்னாடி

திலகா அக்கா, நானு பூமிகா. கீழ ஒரு வீடியோ வந்துகினு இருக்கும், அத தொறக்காத. மொதல்ல இத படி. நைனாவ பக்கத்துல உக்கார வச்சி சத்தமா படி, அம்மாவும் இருக்கட்டும். கையால டைப் பண்ணா விடிஞ்சிடும், அதான் வாயால பேசியே டைப் பண்றேன். வாய்ஸ் மெசேஜா போடலாம்னா நம்ம ஊட்டு போனு மாட்டுத் தொட்டில உழுந்ததுல இருந்து படம் மட்டும்தான் காட்டுது, சத்தமே வர மாட்டேங்குது. ரிப்பேர் பண்ணுங்க பண்ணுங்கன்னு பொங்கல்ல இருந்து சொல்றேன். இப்ப எங்க வந்து நிக்குதுன்னு பாரு.

மோனிகா, கொஞ்சம் வாய மூடு, நீ பேசறதும் டைப் ஆவுது. ஆவட்டும், உங்க நைனாவுக்கு நானு வணக்கம் சொன்னேன்னு சொல்லு. பாத்தியா அக்கா, அந்த வணக்கம் மோனிகாவோடது. என் ரூம்ல கீறவ, பேக்கிங் லைன்லயும் என் எதிர்ல நிக்கிறவ. அவ சொல்றத கணக்குல எடுத்துக்காதீங்க.

நைனா, நீ சொன்னது எதுவும் நானு மறக்கல. பொங்கலுக்கு நம்ம நெல்லு பாக்க வந்தாரே ஒரு ஆபீசரு, தமிழ் தெரியாதவரு, அவரு என்கிட்ட இங்கிலீஷ்ல இன்னாவோ கேட்டாரு. இருங்க சார் தண்ணி எடுத்துனு வரேன்னு உள்ள போனவதான். அவரு ஜீப்பு தெரு முனை தாண்டுற வரிக்கும் நானு அரிசி டிரம்முக்கு பின்னாடி நின்னுகினு இருந்தேன். தண்ணியையும் கடைசில நீதான் குடுத்த. அன்னைக்கி ராத்திரி சோறு துன்ன சொல்லோ நீ சொன்ன, "இங்கிலீஷ் படிக்கிறேன்னு கும்மிடிப்பூண்டில போய் உக்காந்துகினு கீற. நாலு பேரு முன்னாடி மேடையில நின்னு நீ இங்கிலீஷ் பேசறத என் கண்ணால பாக்கணும். பாத்தா அடுத்த வருசமும் படி. இல்லயா, மூட்டைய கட்டிகினு ஊட்டுக்கு வந்துடு." நானும் சரின்னுட்டேன். வேற இன்னா சொல்றது, டிரம்மு பின்னாடி நின்னவ?

அதான் இந்த சிம்போசியம். அம்மா, சிம்போசியம்னா பயப்படாத, ஆளுக்கு ஒரு கட்டுர எழுதினு வந்து மேடையில பேசணும், அப்புறம் கேள்வி கேப்பாங்க, அப்புறம் பிரியாணி. திருவள்ளூர் பக்கம் எங்க யுனிவர்சிட்டில இன்னைக்கி நடந்துச்சி. காலேஜுக்கு தினம் வர்ற புள்ளைங்க முன்னாடி வரிசை. சனி ஞாயிறு மட்டும் வர்ற நாங்கல்லாம் பின்னாடி வரிசை. எங்களுக்கு மத்த நாளெல்லாம் கம்பெனி. எபினேசர் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு, கடம்பத்தூர்ல இருந்து வர்ற தானியேலு பெயிண்ட் கம்பெனி. எல்லாருக்கும் சிப்காட்டுதான், கேட்டு மட்டும் வேற வேற.

என் கட்டுர, மலை உச்சில தனியா நின்னுகினு கீழ ஓடுற ஆத்த பாத்து பாட்டு எழுதுற கவிஞருங்கள பத்தி. நல்லா மனப்பாடம் பண்ணேன். கம்பெனி பஸ்ல, பாத்ரூம்ல, டீ பிரேக்ல. லைன்ல டப்பா ஒட்டிகினே மோனிகாவுக்கு சொல்லிக் காட்டுனேன். அவளுக்கே பாதி மனப்பாடம் ஆயிடிச்சி. முழுசா ஆயிடிச்சி. சும்மா இரு மோனிகா.

இப்போ ஒரு விசயம் சொல்றேன், அது தெரிலன்னா மேல நடந்தது புரியாது. எங்க கம்பெனில ஷிஃப்டு ஆரம்பிக்க சொல்லோ எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பாங்க. ஒருத்தரு மைக்கு புடிச்சி ஒவ்வொரு வரியா சொல்லணும், மீதிப்பேரு வலது கைய முன்னாடி நீட்டிகினு திருப்பி சொல்லணும். சிப்காட்டுல எல்லா கம்பெனிலயும் இது உண்டு. இந்த மாசம் எங்க லைன்ல மைக்கு என் முறை. தினம் காலைல நாஷ்டாவுக்கு முன்னாடி நானு செய்யிற மொத வேலையே அதான்.

புரிஞ்சிடிச்சா? எனக்கும் அங்க மேடையில நிக்க சொல்லோதான் புரிஞ்சிது.

எங்க டிபார்ட்மெண்ட்டு ஹெட்டு ஜோதிலட்சுமி மேடம் என் பேர கூப்ட்டாங்க. எபினேசர் அண்ணன் என் போன வாங்கிகினு, "தைரியமா போம்மா, உங்க நைனாவுக்கு சினிமா மாதிரி எடுத்து குடுக்கறேன்"னாரு. போனேன். அங்க ஒருத்தன் மைக்க குடுத்தான். அதே கருப்பு மைக்கு, அதே எடை. நிமிந்து பாக்கறேன், வரிசை வரிசையா ஜனம். மலையும் ஆறும் எங்க போச்சின்னே தெரில. தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. வாய் மட்டும் தானா தொறந்துகிச்சி.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. வலது கைய முன்னாடி நீட்டுங்க."

நைனா, பின்னாடி வரிசை பூரா சடார்னு எழுந்துச்சி. ஒருத்தன் கூட யோசிக்கல. வாய்ல முறுக்கு வச்சிகினு இருந்தவன் கூட முழுங்கிட்டு கைய நீட்டுனான். எபினேசர் அண்ணன் வலது கைல போன் இருந்துச்சா, கைய நீட்டணுமே, அத பெஞ்சு மேல குப்புற வச்சிட்டாரு. இத ஞாபகம் வச்சிக்கோ, கடைசில வரும்.

பின்னாடி எல்லாரும் நிக்கிறத பாத்து முன்னாடி புள்ளைங்களும் நின்னாங்க. சீஃப் கெஸ்டா வடக்க இருந்து ஒரு பெரிய புரொபசரு வந்திருந்தாரு. அவரு சுத்தி பாத்தாரு, இது இந்த ஊரு வழக்கம் போலன்னு அவரும் எழுந்து கைய நீட்டிட்டாரு. அவரே நின்னப்புறம் எங்க மேடம் உக்காந்துகினு இருக்க முடியுமா? அவங்களும் நின்னாங்க. ஆனா என்ன பாத்த பார்வ கீதே, அத எழுத முடியாது.

"தலைக்கவசம் இல்லாம உள்ள வர மாட்டேன்"னு சொல்றேன். ஹாலே திருப்பி சொல்லுது. "மெஷின் ஓட சொல்லோ கைய உள்ள உட மாட்டேன்"னு வர்றப்பதான் எனக்கு சுரீர்னுச்சி. இங்க மெஷினு எங்க கீது? இருக்கறது ஒரு குத்துவெளக்குதான். நிறுத்திடலாம்னு பாத்தேன். ஆனா எங்க கம்பெனில நடுவுல நின்னா மொதல்ல இருந்து திருப்பி எடுக்கணும்னு சட்டம். அதவிட முடிச்சிடறது மேலுன்னு தோணிச்சி. முடிச்சேன். அந்த புரொபசரு வாய்ல நொழையாத தமிழ வச்சிகினு கடைசி வரி வரிக்கும் கூடவே வந்தாரு. பாவம், இனிமே அவரு ஹெல்மெட்டு இல்லாம எந்த பேக்டரிக்கும் போவ முடியாது.

எல்லாரும் உக்காந்தாங்க. நானு மட்டும் நிக்கிறேன். ஜோதிலட்சுமி மேடம் மெதுவா, ஆனா அவங்க மைக்குலயே சொன்னாங்க, "பூமிகா, இது சிம்போசியம்மா. ஷிஃப்டு இல்ல." ஒரே சிரிப்பு. எனக்கு கண்ணு எதத் தேடிச்சின்னு நெனைக்கற? டிரம்ம. மேடையில டிரம்மு இல்ல. மூட்டைய கட்டிகினு ஊட்டுக்கு வர்றது அப்படியே கண்ணு முன்னாடி ஓடிச்சி.

அப்போ அந்த புரொபசரு எழுந்து இங்கிலீஷ்ல கேட்டாரு. ரொம்ப நல்லா இருந்துச்சி, இது எந்த கவிஞரு எழுதுனது, இதுக்கும் உன் கட்டுரைக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டாரு.

எபினேசர் அண்ணன் தலைல கை வச்சிகினாரு. நானு வாய தொறந்தேன். மனப்பாடம் பண்ணது எதுவும் வரல நைனா. வேற வந்துச்சி.

"சார், திஸ் இஸ் நாட் பொயம். திஸ் இஸ் சேஃப்டி. எவ்ரி மார்னிங் வி சே. மை பொயட் இஸ் ஸ்டாண்டிங் ஆன் த மவுன்டன், சார். அலோன். நோ பெல்ட். நோ ஹெல்மெட். நோ பர்மிட்."

பின்னாடி வரிசை விசில் அடிச்சிது. உசரத்துல ஏறணும்னா எங்களுக்கு பெல்ட்டு வேணும், பர்மிட்டு வேணும், கூட ஒரு ஆளு வேணும், அவங்களுக்குத் தெரியும். புரொபசருக்கும் சிரிப்பு தாங்கல. உடல அவரு. அப்டின்னா அந்த கவிஞரு செய்யறது தப்பா, எறங்கி வரச் சொல்லலாமான்னு கேட்டாரு.

"நோ சார்,"ன்னேன். "ஹி கேன் ஸ்டாண்ட். ஹி ஹேஸ் நோ ஷிஃப்ட். தட் இஸ் வை ஹி இஸ் சீயிங் த ரிவர். ஐ ஆம் ஆல்சோ கோயிங் நியர் ரிவர் எவ்ரி டே, சார், இன் கம்பெனி பஸ். ஐ ஆம் ஸ்லீப்பிங்."

இந்த வாட்டி யாரும் விசில் அடிக்கல. அவரு பேனாவ எடுத்து எழுதிகினாரு. இன்னும் கேட்டாரு, நானும் சொன்னேன். கிராமரு தப்பா கூட இருக்கும். ஆனா ஒரு தடவ கூட தண்ணி எடுக்க போவல.

மேடம் கீழ எறங்குனப்போ, "அந்த உறுதிமொழிக்கு நானு அப்புறம் வச்சிக்கறேன்"னு சொன்னாங்க, ஆனா பிரியாணில லெக் பீச எடுத்து என் தட்டுல அவங்களே வச்சாங்க. பசங்க இன்னும் உடல. கை கழுவ போனா, "அக்கா, கிளவுஸ் எங்க?"ன்றானுங்க.

சரி, இப்போ வீடியோவுக்கு வரேன். பேஜாரே இதுலதான் கீது. எபினேசர் அண்ணன் போன குப்புற வச்சாரு இல்ல, சிரிப்புல அத திருப்பி எடுக்கவே மறந்துட்டாரு. மொதல்ல நானு மேடை ஏறுறது ஒழுங்கா வந்துகீது. அப்புறம் கடைசி வரிக்கும் மேல சுத்துற ஃபேனு. நானு பேசுனது எல்லாம் அதுல கேக்குது, சுத்தமா கேக்குது, ஆனா பாக்க ஃபேன்தான் கீது. நம்ம ஊட்டு போன்ல படம் மட்டும்தான் வரும். ஆவ மொத்தம், நீ கண்ணால பாக்கறது ஃபேன மட்டும்தான். அண்ணன் அழுவுற மாதிரி வந்து நின்னாரு. "ஃபேனு நல்லா தெளிவா வந்துகீதுமா"ன்னாரு.

எதிர் ஊட்டு சுப்பராயன் மாமா போன்ல போட்டு கேக்காத நைனா. அவருக்கு உறுதிமொழி கேட்டுச்சின்னா ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நியூஸ் போயிடும். சர்டிபிகேட்டும் ஒண்ணு குடுத்தாங்க, ஆனா அத சாட்சியா காட்ட மாட்டேன், சாப்பாட்டுக்கு மட்டும் வந்த தானியேலுக்கும் அதே சர்டிபிகேட்டுதான்.

நானு இருந்தேன், நானு சாட்சின்னு சொல்லு. நீ எங்க இருந்த மோனிகா, நீ இன்னைக்கி ஓவர்டைம். அத சொல்லாத. டைப் ஆயிடிச்சி.

அதனால நானு ஒரு முடிவு பண்ணிகீறேன். நாளைக்கி கிளாசு லீவு. காலைல மொத பஸ்ஸ புடிச்சி ஊட்டுக்கு வரேன். மூட்டை கட்டிகினு இல்ல, ஒரு பை மட்டும். கூடத்துல உன் எதிர்ல நின்னு இங்கிலீஷ்ல பேசறேன். அந்த புரொபசரு கேட்ட மாதிரி நீயும் கேள்வி கேளு, தமிழ்லயே கேளு, நானு இங்கிலீஷ்ல பதில் சொல்றேன். உனக்கு புரியலன்னாலும் பரவால்ல, நீ கண்ணால பாக்கணும்னுதான கேட்ட. பாத்துட்டு அடுத்த வருசத்த பத்தி சொல்லு. ஒருவேளை பயத்துல மறுபடியும் உறுதிமொழி வந்துடுச்சின்னா, சிரிக்காம எல்லாரும் எழுந்து கைய நீட்டுங்க, இல்லன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அக்கா, நீ ஒரு வேலை பண்ணு. நானு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சொம்பு தண்ணிய கொண்டாந்து நைனா பக்கத்துல வச்சிடு.