ரவாவுக்கு ஒரு ரிமோட் கார்

என் கணவர் ரவிச்சந்திரன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கொள்முதல் அதிகாரி. வீடும் நிலையத்தின் கடலோரக் குடியிருப்பில்தான். குண்டூசி வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்பார். மூன்றும் சீல் வைத்த கவரில் வரவேண்டும். யார் விலை குறைவோ அவர்தான் ‘எல்-ஒன்’, அவருக்கே ஆர்டர். இதை ஆபீசோடு விட்டிருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்? வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கவும் அதே சட்டம்தான்.

ரவா எங்கள் வீட்டு லாப்ரடார். வறுத்த ரவையின் நிறம் என்று மகள் சஹானா வைத்த பெயர். நாயை வாங்கினாள், பெயர் வைத்தாள், பெங்களூரில் வேலை கிடைத்ததும் என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். முதலில் இவர்தான் தினமும் நடக்கக் கூட்டிப் போனார். முழங்கால் தேய்ந்த பிறகு நடையும் நின்றது. நடை நின்றாலும் தன் தட்டிலிருந்து இட்லி கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. ரவா வாசல் கதவில் நுழையும்போது இரண்டு பக்கமும் உரச ஆரம்பித்தது.

செங்கல்பட்டு கால்நடை மருத்துவர் அதை எடை பார்த்துவிட்டு எங்களைத்தான் முறைத்தார். “இப்படியே போனா பின்னங்கால் ரெண்டும் போயிடும் சார். அப்புறம் எழுந்து நிக்கவே நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா ஓட வைங்க.”

இவர் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சமைத்து, துவைத்து, வங்கி வேலைக்கும் போய்வந்து, அதற்குமேல் நாயோடு ஓடவும் வேண்டுமாம்.

மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்யும் என் தம்பி பன்னீர்செல்வத்திடம் போனில் புலம்பினேன். அவன் சட்டென்று சொன்னான், “எங்கிட்ட வுட்டுடுக்கா. நெல்லு காயவைக்கிற களம் சும்மாதான் கீது. நாள் பூரா ஓடிகினு கெடக்கட்டும்.” நான் உடனே சரி என்றேன். வருடா வருடம் எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவான். இந்த வருடம் சீர் இறக்கிய வண்டியிலேயே ரவா ஏறிப் போகும் என்று முடிவானது.

இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவர் பங்கையும் ரவா சாப்பிட்டது.

மறுநாள் ஏதோ வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டு நாய் ஒன்று ரிமோட் காரைத் துரத்திக்கொண்டு புல்வெளி முழுக்கப் பறந்தது. “நாம உக்காந்த இடத்துலேர்ந்து ஓட்டலாம் வசு. அவ பாட்டுக்கு ஓடுவா. பொங்கலுக்குள்ள இளைச்சுட்டா அனுப்ப வேண்டாம்ல?” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. சரி, வாங்குங்கள் என்றேன்.

வாங்குவதாவது! முதலில் டெக்னிக்கல் நிபந்தனைகள் தயாராயின. மணலில் சிக்கக்கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக்கூடாது. நாய் விழுங்கும்படி சின்ன பாகம் எதுவும் இருக்கக்கூடாது. நாயைவிட வேகமாகப் போக வேண்டும். எல்லாம் யோசித்தார்கள், அதாவது இவர் ஒருவரே கமிட்டியாக இருந்து யோசித்தார். அந்தக் கமிட்டியில் நாயைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஆன்லைனில் ஒரு விலை, செங்கல்பட்டுக் கடையில் ஒரு விலை. மூன்றாவதாக மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெயினுலாபுதீன் பாயின் பொம்மைக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். சீல் வைத்த கவரில் விலை வேண்டும் என்றதும் பாய் என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, சார் நல்லாதான கீறாரு? பொம்மைக்கு கொட்டேஷனா? எடுத்துகினு போங்க சார், அப்பால பேசிக்கலாம்.”

“அப்படி எடுக்க முடியாது பாய். நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க.”

“யாரு கேப்பா?”

“நான்தான்” என்றேன்.

பாய் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, கடையில் விற்கும் மொய்க் கவர் ஒன்றை எடுத்து, சீட்டில் விலையை எழுதி உள்ளே போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டில் முறைப்படி கவர்கள் பிரிக்கப்பட்டன. செங்கல்பட்டு விலை அதிகம், தள்ளுபடி. ஆன்லைன் விலையும் பாய் விலையும் ஒன்றேதான், ஒரு பைசா வித்தியாசமில்லை. இவர் இரண்டு கவரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாயின் மொய்க் கவர் மூலையில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

“பாய் ஒரு ரூபா தள்ளுபடி கொடுத்திருக்கார். அவர்தான் எல்-ஒன்!”

“அது மொய்க் கவருங்க!”

“கவரோட வந்ததெல்லாம் கொட்டேஷன்ல சேர்த்திதான் வசு.”

இப்படியாக ஒரு சிவப்பு கார், என் உள்ளங்கையளவு சக்கரங்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை கடற்கரைக்குப் போனோம். இவர் படகு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. ரவா உட்கார்ந்தது. கார் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டது. ரவா கொட்டாவி விட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான்காவது வட்டத்தில் கார் ஒரு நண்டுப் பள்ளத்தில் மாட்டிக் குப்புறக் கவிழ்ந்தது. சக்கரங்கள் மேலே சுழல, மோட்டார் கீச்சுக்கீச்சென்று கத்தியது. ரவா விலுக்கென்று எழுந்தது. மெல்ல நடந்துபோய் முகர்ந்தது, நக்கியது. பிறகு வாயில் பதமாகக் கவ்விக் கொண்டுவந்து தன் முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துப் படுத்துக்கொண்டது. இவர் மறுபடி ரிமோட்டை எடுத்தார். ரவா உர்ரென்றது. இட்லி ஊட்டி வளர்த்த கையைப் பார்த்து உறுமியது!

குட்டியே போடாத நாய்க்கு நாங்கள் ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். நாள் முழுக்கக் காரை அணைத்துக்கொண்டு படுத்தே கிடந்தது. முன்பாவது தண்ணீர் குடிக்க அதுவாக எழுந்துபோகும். இப்போது கிண்ணத்தை இவர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். ரவா இன்னும் பெருத்தது. “டெக்னிக்கலா காருல ஒரு குறையும் இல்ல வசு” என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரோ குறை இருக்கிறது என்று சொன்னதுபோல.

போகிக்கு முந்தின நாள் பன்னீர் குட்டியானை என்கிற சின்ன லாரியில் கரும்பும் புது அரிசியும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்து இறக்கினான். ரவா வண்டியில் ஏறமாட்டேன் என்று தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

“அந்தப் பொம்மைய வண்டில போடுக்கா, தானா ஏறும்.”

போட்டேன். ரவா பதறிப்போய் முன்னங்கால்களைத் தூக்கி வண்டியில் வைத்தது. பின்பாரம் எழும்பவில்லை. நான் குனிந்து தூக்கப் பார்த்தேன். பன்னீர் ஸ்டீயரிங்கில் இருந்தபடி, “ஏறிட்ச்சா மாமா?” என்று கத்தினான். வாசலில் நின்ற இவர் கண் ரவா மேலேயே இருந்தது. ரவாவுக்கு விடை கொடுப்பதுபோல் கையை மட்டும் அசைத்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த பன்னீர், போகச் சொல்கிறார் என்று வண்டியை எடுத்துவிட்டான்.

ரவா ஓடியது. நிற்கவே யோசிக்கும் நாய், காது இரண்டும் பின்னால் பறக்க, குட்டியானையைத் துரத்திக்கொண்டு குடியிருப்புச் சாலை நெடுக ஓடியது. பின்னால் நான். எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே இவர். கோலத்துக்கு இடம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாளியோடு நின்றார்கள். குடியிருப்பு வாசலில் காவலர்கள் சோதனைக்கு வண்டியை நிறுத்தியதால்தான் பிழைத்தோம்.

பன்னீர் இறங்கி வந்தான். “இன்னாக்கா, இது ஓடாதுன்னு சொன்ன?” திறந்தே கிடந்த பின்பக்கத்தைக் காட்டி, “சரி புடி, ரெண்டு பேரா தூக்கிப் போட்டுடலாம்” என்றான்.

ரவா கழுத்தை நீட்டிக் காரைக் கவ்வியது. வண்டியையும் பன்னீரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பி, எனக்காகக் காத்திருந்தது. இட்லி கொடுத்த இவருக்காக இல்லை, அனுப்பப் பார்த்த எனக்காக. காவலர்கள் எதிரிலேயே நான் அழுதேன்.

இப்போது காலையில் நான் சிவப்புக் காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடுகிறேன். ரவா குரைத்துக்கொண்டே துரத்துகிறது. மூச்சு வாங்கினால் இரண்டு பேரும் நிற்கிறோம். பொம்மையைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்மணி என்று பால்காரர்கூட வழிவிடுகிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மருத்துவர் போனமுறை எடை பார்த்துவிட்டு என்னை முறைக்கவில்லை.

நேற்று பன்னீர் மறுபடி கூப்பிட்டான். “களம் காலியாதான் கீதுக்கா. ஓட எடம் வேணும்னா அனுப்பி வை.”

“எடம் இங்கயும் கெடக்குதுடா” என்றேன். “கூட ஓட ஆளுதான் இல்லாம இருந்துச்சு.”