மிசின் ஓடாத எட்டு நாள்

1985இல் போர்நிறுத்தம் வந்த சில வாரங்களில், ஹென்றிக் என்ற பொறியியலாளர் ஒல்லாந்திலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் வந்து இறங்கினார். ஒல்லாந்தும் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து தொடங்கிய நிலத்தடி நீர்த் திட்டம் அது. கிணற்றுத் தண்ணீரைச் சென்னையில் சோதிப்பார்கள், வரைபடம் கொழும்பில் தயாராகும். ஊர்ச் சனங்களிடம் கேட்டு எழுதுவது ஹென்றிக்கின் வேலை. அவருக்கு மொழிபெயர்க்க உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியை அருந்ததியைப் பிடித்தார்கள்.

அருந்ததிக்கு அதில் பெருமைதான். ஹென்றிக் சொன்னதை அவள் தோட்டத்துக்குத் தோட்டம் போய் விளங்கப்படுத்தினாள். சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீர் கிடக்கிறது, அதற்கு மேல் மழைநீர் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் குளங்களைத் தூர்வார வேண்டும், தோட்டங்களில் முறைவைத்து இறைக்க வேண்டும், கரையோரத்துக்குக் குடிநீர் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் பலன். அதற்குத் தோட்டக்காரரும் கடற்தொழிலாளரும் ஒரே தாளில் கையெழுத்து வைக்க வேண்டும்.

முதல் கூட்டம் கரையோரக் கோயில் மண்டபத்தில் நடந்தது. தோட்டக்காரர்கள் முன் வரிசை வாங்குகளில் இருந்தார்கள். அருந்ததியின் அண்ணன் சண்முகநாதனும் அவர்களில் ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன்னர் புது இறைப்பு மிசின் வாங்கி வெங்காயத் தோட்டத்தை இரட்டிப்பாக்கியவன்.

கருவாடு போட்டு விற்கும் யோசப்பின் என்ற பெண் பின் வரிசையில் எழுந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும்.

"எங்கடை கிணறு ரெண்டு வருசமாக் கரிக்குது. மேலை மிசினுகள் வந்த பிறகுதான் இந்தக் கரைச்சல். பங்குனியிலை சண்முகநாதன்ரை தேப்பன் மோசம்போனவர். அவையள் இருக்கிற ஒழுங்கை முழுக்கச் சொந்தக்காரர். எட்டுச்செலவுச் சடங்கு முடியும் மட்டும் ஒரு மிசினும் ஓடேல்லை. அந்த எட்டு நாளுக்கை எங்கடை கிணறு தெளிஞ்சு வந்தது. ஒன்பதாம் நாள் பிள்ளையளுக்கு அந்தத் தண்ணியையே குடிக்கக் குடுத்தனான். மிசின் ஓடத் தொடங்கப் பேந்தும் கரிச்சுப் போச்சு."

செத்தவர் அருந்ததிக்கும் தகப்பன். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். ஹென்றிக் பேனையோடு காத்திருந்தார்.

கடற்கரைக் கிணறு என்பதால் தண்ணீர் உவர்க்கிறது, தங்களுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று கேட்கிறார் என அருந்ததி ஆங்கிலத்தில் சொன்னாள்.

மேலே இறைப்பு நிற்கும்போது கிணற்றில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்கும்படி ஹென்றிக் சொன்னார்.

அருந்ததி யோசப்பினைப் பார்த்து, "வேறை ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டாள்.

யோசப்பின் ஹென்றிக்கின் பேனையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "இல்லை. சொன்னதே காணும், வேறை வேண்டாம்."

"இல்லை என்கிறார்" என்றாள் அருந்ததி. ஹென்றிக் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் அருந்ததி கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே யோசப்பின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் குழாய் கேக்கேல்லை, ரீச்சர்."

அருந்ததிக்குக் காது சுட்டது.

"கன்னியர் மடத்திலை எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான். இங்கிலிசு வாசிக்க மறந்துபோச்சு. கேட்டா விளங்கும்."

"அப்ப ஏன் அங்கையே சொல்லேல்லை, அக்கா?"

"வெளிநாட்டு மனுசனுக்கு முன்னாலை எங்கடை பிள்ளை ஒண்டை வெக்கப்படுத்திறதோ?" யோசப்பின் நிமிராமலே சொன்னாள்.

ஏசியிருந்தால் ஏதாவது மறுமொழி சொல்லியிருக்கலாம். அருந்ததி ஈரக் கையோடு சைக்கிளை எடுத்தாள்.

வீட்டில் அண்ணன் சந்தோசமாக இருந்தான். அவனுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் விளங்கும். "நல்ல வேலை செய்தனி. இல்லாட்டி எங்களையெல்லோ குற்றவாளியாக்கியிருப்பினம்" என்றான். அவள் தன் பங்குச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். வகுப்பில் பார்த்தெழுதும் பிள்ளைகளை அவள் அடித்திருக்கிறாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஹென்றிக் தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள்.

நடந்ததை முழுதும் சொன்னாள். ஹென்றிக் கோபிக்கவில்லை. எத்தனை நாள் மிசின் நின்றது என்று மட்டும் கேட்டார். எட்டு என்றாள். குறித்துவிட்டு, இது என் குறிப்புக் கொப்பியில் இருந்து பலனில்லை, அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்றார்.

இரண்டாம் கூட்டத்தில் அருந்ததி முன்னுக்குப் போய் நின்றாள். "யோசப்பின் அக்கா சொன்னதை நான் மாத்திச் சொன்னனான். அண்ணைக்காகச் செய்தனான். பிழை என்னிலைதான்" என்றாள். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தாள். சண்முகநாதன் எழும்பி வெளியே போனான். அவன் சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டிய சத்தம் உள்ளே கேட்டது. யோசப்பின் அன்று வரவேயில்லை.

தோட்டக்காரரில் மூத்தவரான கந்தப்பு தொண்டையைச் செருமினார். "இப்ப வெங்காயம் கிண்டி எடுத்தாச்சுது, தோட்டத்துக்குத் தண்ணி வேண்டாம். எட்டு நாள் எல்லாரும் மிசினை நிப்பாட்டிப் பாப்பம். பொய்யெண்டா தெரிஞ்சிடும்."

நிறுத்தினார்கள். ஒவ்வொரு நாளும் தோட்டக்காரர் ஒருவரும் கடற்தொழிலாளர் ஒருவரும் யோசப்பினின் கிணற்றடியில் நின்று ஹென்றிக் தந்த உப்பு மானியைப் பார்த்தார்கள். எட்டாம் நாள் உப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பது என்று தாள் எழுதினார்கள். சண்முகநாதன் கடைசியாகக் கையெழுத்து வைத்தான். தங்கையோடு கதைக்க அவனுக்கு இன்னும் ஏழு மாதம் ஆனது.

தாள் எழுதிய மறுநாள் அருந்ததி மன்னிப்புக் கேட்க யோசப்பினின் வீட்டுக்குப் போனாள். யோசப்பின் பாயில் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டனான். கொண்ணை உங்களோடை கதைக்கிறாரோ?"

"இல்லை."

"உந்த வெயிலுக்கை நிக்காதேங்கோ. உள்ளை வாங்கோ."

உள்ளே போயும் அருந்ததி மன்னிப்புக் கேட்கவில்லை. தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

சண்டை மறுபடி தொடங்க ஹென்றிக் போய்விட்டார். குளம் ஒன்றுதான் தூர்வாரி முடிந்திருந்தது. குழாய் வரவில்லை. ஆனாலும் அந்த இறைப்பு முறை ஐந்து வருடம் நடந்தது. 1990இல் தோட்டத்துச் சனமும் கரையோரச் சனமும் ஒன்றாக இடம்பெயர்ந்து மருதனார்மடத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். தண்ணீர்த் தாங்கி வைக்க வந்த வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர், ஆங்கிலம் தெரிந்தவர் உண்டா என்று ஆங்கிலத்திலும் சைகையிலும் கேட்டார். அருந்ததி தூணோடு சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். மொழிபெயர்க்கும் வேலையை இனித் தொடுவதில்லை என்று அவள் முடிவெடுத்து எவ்வளவோ காலம்.

வரிசையில் வாளியோடு நின்ற யோசப்பின் கையை நீட்டினாள். "அங்கை ரீச்சர் இருக்கிறா. அவவைக் கேளுங்கோ."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருந்ததிக்கு முகம் எரிந்தது. அவள் எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மனிதரிடம் போனாள்.